7. குறுகிய ஹோலில் விரிந்த இசை

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பலவற்றில் ஹோலின் அகலம் பத்தடிக்கு மேல் போகாது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடென்றால் இன்னும் குறையும். ஒரு சுவரில் வீதியைப் பார்த்த கண்ணாடி யன்னல், எதிர்ச்சுவரில் அறைக் கதவுகள், தரையில் டைல்ஸ். இந்த இடத்தில் நல்ல ஸ்டீரியோ கேட்க வழியில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வழி இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லெப்டொப், காசில்லாமல் நிறுவக்கூடிய ஒரு மென்பொருள், ஸ்பீக்கர்களை இடம் மாற்ற ஒரு பின்னேரம், இவ்வளவும் போதும்.

முதலில் வழக்கமான முறையின் கணக்கைப் பார்ப்போம். இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்பவரிடமிருந்து பார்த்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 60 பாகை. ஸ்பீக்கர்கள் நிற்கும் வரிசையிலிருந்து செட்டி எட்டடி தள்ளி இருந்தால், ஸ்பீக்கர்களுக்கிடையே ஒன்பதேகால் அடி வேண்டும். பத்தடி ஹோலில் இரண்டும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சரி, இடைவெளியை ஏழடியாகக் குறைத்து, கதிரையையும் ஆறடிக்கு முன்னே இழுத்தால்? அப்போதும் ஸ்பீக்கருக்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஒன்றரை அடிதான் மிஞ்சும். நேராக வந்த ஒலியைத் தொடர்ந்து, சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி இரண்டு மில்லிசெக்கனுக்குள் காதுக்கு வந்துவிடும். இவ்வளவு நெருங்கி வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. மூல ஒலியோடு சேர்த்துவிடும். குரலின் நிறம் மாறும், பாடுகிறவர் நிற்கும் இடம் கலங்கும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் முறை இதற்கு நேர் எதிரானது. ஸ்பீக்கர்களை நெருக்கி, 20 பாகைக்குள் வைக்கிறோம். ஏழடி தூரத்தில் உட்கார்ந்தால் இடைவெளி இரண்டரை அடி. எட்டடி என்றால் இரண்டடி பத்து அங்குலம். பக்கச் சுவர் ஏறத்தாழ நான்கடி தள்ளிப் போய்விடும். சுவர் எதிரொலி மூன்றரை மில்லிசெக்கன் கழித்துத்தான் வரும், மெலிந்தும் வரும். இப்படி வைத்தால் இசை டிவி மேசையின் அகலத்துக்குச் சுருங்கிவிடுமே என்று கேட்பீர்கள். சுருங்கும். அதை விரிப்பதற்குத்தான் மென்பொருள்.

கசிவு

இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் போகிறது, சற்றுப் பிந்தி, சற்று மெலிந்து. வலது ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். இதைக் குறுக்குக் கசிவு என்று இந்நூலில் குறிப்பிடுகிறேன். அலன் புளும்லைன் இங்கிலாந்தின் ஈஎம்ஐ நிறுவனத்தில் இருந்தபடி 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலத்திலிருந்தே இந்தக் கசிவு கூட வருகிறது. புளும்லைன் அதைப் பகையாகப் பார்க்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார். இரண்டு ஸ்பீக்கர்களின் உரப்பு வித்தியாசம், காதருகே ஒலிகள் கலப்பதால், தாழ்ந்த சுரங்களில் நேர வித்தியாசமாக மாறுகிறது. மூளை அதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கிறது. அற்புதமான யோசனை. இன்றும் உலகம் அதில்தான் பாட்டுக் கேட்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்கிறோம். 60 பாகை அமைப்பில் கசிவு ஏறத்தாழ 0.26 மில்லிசெக்கன் பிந்தி வருகிறது. நடுவில் நின்று பாடும் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் வருவதால், ஒவ்வொரு காதும் அந்தக் குரலை இருமுறை கேட்கிறது. அந்த இரண்டு பிரதிகளும் 2,000 ஹேர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று தின்றுவிடும். சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டிய பகுதி அதுதான். நல்ல பாடகியின் உச்சரிப்பில் நேரில் கேட்கும்போது இருக்கும் கூர்மை ஸ்பீக்கரில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு குறையும் உண்டு. எந்த வாத்தியமும் ஸ்பீக்கரின் இடத்தைத் தாண்டி வெளியே போகாது. மேடையின் அகலம் ஸ்பீக்கர்களுக்கு இடைப்பட்ட அகலத்தோடு முடிந்துவிடும்.

கசிவை எதிர் ஒலியால் அழிக்கலாம் என்பதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் காட்டினார்கள். அடல் கான்பூரில் பிறந்தவர். அமெரிக்கா போவதற்கு முன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியியல் கற்பித்தவர். பேச்சொலியைச் சுருக்கி அனுப்பும் அவருடைய பிற்காலக் கணிதம் கைப்பேசிப் பேச்சுக்கு அடித்தளமானது. நம் பக்கத்தைச் சேர்ந்த இவரை ஒலிப்பதிவுத் துறையினர் பலருக்கே தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

வேலை இப்படி நடக்கிறது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்குக் கசியும் என்று தெரியும். எவ்வளவு பிந்தும், எவ்வளவு மெலியும் என்றும் தெரியும். அதே அளவு பிந்திய, அதே அளவு மெலிந்த, ஆனால் குறி மாறிய ஒரு பிரதியை வலது ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டால் வலது காதில் கசிவும் அதுவும் மோதி அழியும். அந்த எதிர் ஒலியும் இடது காதுக்குக் கசியும் அல்லவா? அதை அழிக்க இடது ஸ்பீக்கரில் இன்னும் மெலிந்த ஒரு பிரதி, அதை அழிக்க மறுபடி வலதில் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகும். ஸ்பீக்கர்களை நெருக்கி வைத்து, இந்தத் தொடர் நீக்கத்தைக் கணினியில் செய்யும் வழியை அம்பியோஃபோனிக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கரான ரால்ஃப் கிளாஸ்கல் பரப்பினார். அவர் தரப்பு உருவாக்கிய நீக்க முறைக்கு ரேஸ் என்று பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்கர் ஷுவெய்ரி, கேட்பவரின் காதில் மைக் வைத்து அளந்து அவருக்கென்றே நீக்கத்தைக் கணக்கிடும் பாக் முறையை அமைத்தார். அது விலை கூடியது. நமக்கு ரேஸ் போதும்.

மெத்தையை வைத்து ஒரு பரீட்சை

மென்பொருளைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர்களை இரண்டரை அடி இடைவெளியில் காது மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். ஒற்றைக் கட்டில் மெத்தை ஒன்றை, தும்பு மெத்தையானால் இன்னும் நல்லது, பக்கவாட்டில் நிமிர்த்தி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து உங்கள் மூக்குவரை நீளுமாறு நிறுத்துங்கள். மெத்தை ஆறடி நீளம் என்பதால் கதிரையை அதற்கேற்ப முன்னே இழுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு ஸ்பீக்கர் மட்டும் தெரிந்தால் சரி.

இப்போது தெரிந்த பாட்டொன்றைப் போடுங்கள். மெத்தை கசிவை மறிக்கிறது. வாத்தியங்கள் ஸ்பீக்கரை விட்டு வெளியே நகர்ந்து, சில ஒலிப்பதிவுகளில் தோளுக்கு நேராகவே வந்து நிற்கும். மென்பொருள் தரப்போவது இதைத்தான். மெத்தையில் கேட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், மென்பொருளிலும் பிடிக்காது. இந்த அத்தியாயத்தை விட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். பிடித்திருந்தால் மெத்தையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

இந்த நேரத்திலேயே கம்பிகளையும் சரிபார்த்துவிடுங்கள். அம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தால் குரல் நடுவில் நிற்காது, பேஸ் வற்றிவிடும். லெப்டொப்பை சார்ஜரில் போட்டதும் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டால், சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் கோளாறு மின் இணைப்பில்தான், மென்பொருளைக் குடைய வேண்டாம்.

நிறுவுதல்

வின்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். ஜோனாஸ் தெடெரிங் எழுதியது. பாட்டு எந்தச் செயலியிலிருந்து வந்தாலும், யூடியூப் ஆனாலும் கோப்பானாலும், வெளியே போகும் வழியில் உட்கார்ந்து வேலை செய்யும். நிறுவும்போது எந்த ஒலி வெளியீட்டுக்கு என்று கேட்கும். ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் வெளியீட்டை மட்டும் தெரிவுசெய்து கணினியை ஒருமுறை மறுபடி தொடங்குங்கள். லெப்டொப்போடு வந்த சரவுண்ட், ஒலி மேம்படுத்தல் போன்ற வசதிகளையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஒன்றின் மேல் இன்னொன்று ஏறினால் எது எதைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இசைச் செயலி ஒலி வெளியீட்டைத் தனக்கென்று பூட்டிக்கொள்ளும் தனியுரிமை முறையில் ஓடினால் ஈக்வலைசர் ஏபிஓ இடையில் வர முடியாது. அந்த அமைப்பையும் நீக்குங்கள்.

அடுத்து வின்டோஸின் ஒலி அமைப்பில் மாதிரி வீதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 48,000 அல்லது 44,100 என்று இருக்கும். செக்கனுக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 22.7 மைக்ரோசெக்கன். 20 பாகை அமைப்பில் கசிவு பிந்தும் நேரம் ஏறத்தாழ 90 மைக்ரோசெக்கன். ஆகவே நான்கு மாதிரித் தாமதம் வேண்டும். 48,000இலும் நான்கில் தொடங்கலாம். கண்டியின் உயரத்துக்கு இந்தக் கணக்கை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலை. 25 பாகை செல்சியஸில் அது செக்கனுக்கு 346 மீற்றர் அளவில் இருக்கும். நம் ஊரின் குளிருக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் இந்தக் கணக்கில் தெரியாது.

நீக்கத்தை இரண்டு வழியில் அமைக்கலாம். ஈக்வலைசர் ஏபிஓவின் அமைப்புக் கோப்பிலேயே கையால் எழுதுவது ஒன்று. இடது தடத்தை ஒரு துணைத் தடத்துக்குப் பிரதியெடுத்து, அதில் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வடிகட்டி, நான்கு மாதிரி தாமதப்படுத்தி, 3 டெசிபெல் குறைத்து, எதிர்க்குறியோடு வலது தடத்தில் சேர்க்க வேண்டும். வலதுக்கும் இப்படியே. இரண்டாம் சுற்றில் தாமதம் எட்டு மாதிரி, குறைப்பு 6 டெசிபெல், குறி மறுபடி நேராகி, தன் தடத்திலேயே சேரும். மூன்று நான்கு சுற்று எழுதினால் போதும். இதன் குறை, சாதாரண வடிகட்டிகள் தம் எல்லையருகே ஒலியின் கட்டத்தை நகர்த்திவிடுவதால் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே நீக்கம் துல்லியமாக இராது. முறையைப் புரிந்துகொள்ளக் கையால் எழுதிப் பாருங்கள். நாளாந்தம் கேட்பதற்கு, ரேஸ் முறையில் ஓடும் விஎஸ்டி செருகுநிரல் ஒன்றை ஈக்வலைசர் ஏபிஓவுக்குள் ஏற்றிக்கொள்வதே நல்லது. அதிலும் திருப்ப வேண்டியவை இதே இரண்டுதான், தாமதமும் குறைப்பும்.

250 ஹேர்ட்ஸுக்குக் கீழே நீக்கம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பேஸ் பெரும்பாலும் இரண்டு தடத்திலும் ஒன்றாகவே இருக்கும். அங்கே எதிர்க்குறியைச் சேர்த்தால் தவிலின் தொப்பியும் பேஸ் கிற்றாரும் இளைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். நீக்கம் தொடங்கியதும் முன்பெருக்கத்தை 10 டெசிபெல் குறையுங்கள். இரண்டு தடத்திலும் பொதுவாக உள்ளதை இந்த முறை தணிக்கிறது, இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைத் தூக்குகிறது. 3 டெசிபெல் குறைப்பில் அந்த வித்தியாசம் 10 டெசிபெல் அளவுக்கு உயரக்கூடும். இடம் விடாவிட்டால் உரத்த கட்டங்களில் ஒலி உடையும், கேட்பவர் பழியை ஸ்பீக்கரின் மேல் போடுவார்.

காதால் சரிசெய்தல்

ஒலியின் சமநிலையை முழுக்க இடதுக்குத் தள்ளிவிட்டு ஒரு பேச்சுக் குரலைக் கேளுங்கள். நீக்கம் இல்லாதபோது குரல் இடது ஸ்பீக்கரில் இருக்கும். நீக்கத்தை இயக்கியதும் அது ஸ்பீக்கரை விட்டு இடப்பக்கம் நகர வேண்டும். தாமதத்தை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே மாற்றி, எங்கே குரல் அதிக தூரம் நகர்ந்து ஒரே இடத்தில் உறுதியாக நிற்கிறதோ அங்கே விடுங்கள். (சமநிலைத் திருகி நீக்கத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். அம்ப்ளிஃபயரின் திருகியைத் திருப்பினால் எதிர் ஒலியும் அடைபட்டுவிடும். இசைச் செயலியில் உள்ளதைப் பயன்படுத்துங்கள்.)

பிறகு முழுப் பாட்டு. பாடுபவர் வாத்தியங்களுக்குப் பின்னே அமிழ்ந்துபோனால் நீக்கம் கூடிவிட்டது. குறைப்பை 3இலிருந்து 4, 5 டெசிபெல் என்று நகர்த்துங்கள். மேடை கொஞ்சம் ஒடுங்கும், குரல் முன்னே வரும். எனக்குக் குரலே முதன்மை. அகலத்துக்காகக் குரலை விட்டுக்கொடுக்கும் அமைப்பைத் தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்கள் ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்பிடும்போது இரண்டு நிலையிலும் உரப்பு ஒன்றாக இருக்கட்டும். கூடுதல் சத்தம் எப்போதும் கூடுதல் தரம்போலக் கேட்கும்.

கதிரை நடுவில் இருக்க வேண்டும், அளவுநாடாவால் அளந்து. தலையை அரை அடி நகர்த்தினாலே விரிவு குலைந்துவிடும். ஆகவே இது ஒருவர் கேட்கும் முறை. முன்னும் பின்னுமாக இருவர் அமரலாம், பக்கத்தில் அமர முடியாது. வீட்டார் எல்லோரும் கூடிப் படம் பார்க்கும்போது நீக்கத்தை அணைத்துவிடுங்கள்.

எதைப் போட்டுக் கேட்பது

ஒற்றைத் தடப் பதிவுகளுக்கு இதனால் பயன் இல்லை. இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த 1950கள், 60களின் பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றே வரும்போது விரிக்க எதுவும் இல்லை. அவற்றை ஸ்டீரியோ ஆக்கியதாக விற்கப்படும் பதிப்புகள் தாளத்தை ஒரு பக்கமும் மேல் சுரங்களை மறுபக்கமும் தள்ளியவை. நீக்கம் அந்தப் பொய்யை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். அந்தப் பாடல்களை நீக்கம் இல்லாமல், நெருங்கிய ஸ்பீக்கர்களில், அப்படியே கேளுங்கள். அழகாகவே இருக்கும்.

தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோவின் தொடக்கமாகப் பேசப்படுவது 1978இல் வந்த ‘பிரியா’. அதற்குப் பிந்திய இளையராஜாவின் இசை இந்த முறைக்குப் பெரும் விருந்து. வயலின் வரிசைகளும் கிற்றாரும் இரு பக்கமும் பிரிந்து பேசிக்கொள்வதை அவர் அமைத்திருப்பதைக் கேட்கலாம். 1986இன் ‘ஹவ் டு நேம் இட்’ வாத்திய இசைத்தொகுப்பில் தொடங்குங்கள், சொற்கள் இல்லாததால் காது முழுக்க இடத்திலேயே நிற்கும். ‘ரோஜா’ (1992) முதலான ரஹ்மான் பாடல்களில் மின்னணுச் சத்தங்கள் அறையின் ஓரங்களில் போய்த் தங்கும். மேடையில் இரண்டு மைக்கை அருகருகே வைத்து எடுத்த நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். ஒலி நிகழ்ந்த இடமே அந்தப் பதிவில் இருக்கிறது. நீக்கம் அதை வெளியே கொண்டுவரும். அட்மோஸ் என்று வரும் பாடல்களை இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது அவை பெரும்பாலும் சாதாரண இரு தடங்களாகவே வருகின்றன. அவற்றையும் இதே வழியில் கேட்கலாம்.

எஃப்எம் வானொலி கவனம். மலைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் நேரலையோடு மோதுவதால் கண்டிப் பள்ளத்தாக்கில் ஸ்டீரியோ எஃப்எம்மில் இரைச்சல் கூடும். அந்த இரைச்சல் பெரும்பாலும் இரண்டு தடங்களின் வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கும். நீக்கம் தூக்குவதும் அதே வித்தியாசத்தை. அளவுக்கு மீறிச் சுருக்கிய எம்பி3 கோப்புகளும் இதே காரணத்தால் சலசலக்கும். கோப்பின் குறையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுக்கும் கருவி வேறில்லை. நல்ல பிரதியைத் தேடுங்கள்.

ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே கசிவே இல்லை, அதனால் இசை தலைக்குள் அடைந்துகொள்கிறது. பெஞ்சமின் பவர் 1961இல் விளக்கிய வழியில் சிறிது கசிவை வேண்டுமென்றே சேர்க்கும் பிஎஸ்2பி என்ற வடிகட்டி இருக்கிறது. லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் மென்பொருளிலேயே அது உண்டு. 700 ஹேர்ட்ஸ், 4.5 டெசிபெல் என்ற அதன் இயல்பு அமைப்பை மாற்றத் தேவையில்லை. ஸ்பீக்கருக்கான நீக்கத்தை மறந்தும் ஹெட்ஃபோனில் ஓடவிடாதீர்கள்.

வெளிச்சத்தம்

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் புத்தளம் போகும் ஏ10 வீதியும் பிரியும் ஊர் கட்டுகஸ்தோட்டை. லொறியும் பஸ்ஸும் ஓயும் நேரம் குறைவு. மாத்தளை ரயில் பாதையும் பக்கத்தில். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மென்பொருளும் உதவாது. வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் மனிதர் இயல்பு, அதைச் செய்யாதீர்கள். 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பான எல்லை. உரப்பு கூடக்கூட அந்த மணித்தியாலங்கள் விரைவாகக் கரையும். வீதிப் பக்க யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போடுங்கள். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையே டைல்ஸ் மேல் தடித்த விரிப்பு ஒன்றை விரியுங்கள். கண்ணாடியும் தரையும் திருப்பி அனுப்பும் ஒலி குறைந்தால் நீக்கமும் கூர்மையாகும், குறைந்த சத்தமே போதுமானதாக இருக்கும்.

புது ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்கிறவர்கள் அதை வாங்கும் முன் இருப்பதை இப்படி வைத்து ஒரு கிழமை கேளுங்கள். குறுகிய ஹோலில் நடுத்தர ஸ்பீக்கரும் சரியான நீக்கமும், தவறான இடத்தில் நிற்கும் விலைகூடிய ஸ்பீக்கரை வெல்லும்.